தும்பைக்கு ஒரு தூரத்து உறவு: ஃப்ளோமிஸ் வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு

போன ஜூன் மாதம் அம்மா ஊரிலிருந்து இங்கிலாந்துக்கு வந்திருந்தார். வந்த மறுநாள் காலையில் காபி டம்ளரோடு தோட்டத்துப் பக்கம் போனவர், வேலியோரம் நின்ற மஞ்சள் பூச்செடியைக் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்து, "இது நம்ம தும்பை மாதிரில்ல இருக்கு? ஏன்ப்பா இவ்வளவு பெரிசா, மஞ்சளா இருக்கு?" என்றார்.

அம்மா தாவரவியல் படித்தவர் இல்லை. பிள்ளையார் சதுர்த்திக்குத் தும்பைப் பூ பறித்துப் பறித்துக் கைப்பழக்கமானவர். ஆனால் அவர் சொன்னது அப்படியே சரி. அந்த மஞ்சள் செடியின் பெயர் ஃப்ளோமிஸ். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தபோது, இலங்கையிலிருந்து தெரியவந்த ஒரு தும்பை வகையை 'ஃப்ளோமிஸ் ஜெய்லானிக்கா' என்றுதான் எழுதினார். நம் ஊர் வரப்போரத் தும்பைக்கும் அறிவியலில் கிடைத்த முதல் பெயர் 'ஃப்ளோமிஸ் ஆஸ்பெரா'. பிறகுதான் தும்பைகளைப் பிரித்து 'லூக்கஸ்' என்ற தனிப் பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் தனிக் கூட்டத்தில், வைத்தார்கள். அம்மாவின் கண்ணும் பழைய தாவரவியலாளர்களின் கண்ணும் ஒரே இடத்தில்தான் நின்றிருக்கின்றன.

இரண்டு செடிகளையும் பக்கத்தில் வைத்தால் ஒற்றுமை தெரியும். தண்டை விரல்களுக்கு நடுவில் உருட்டினால் உருளாது, நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும். பூக்கள் நுனியில் ஒற்றையாகப் பூக்காமல், கணுவைச் சுற்றி வளையமாகப் பூக்கும். ஒரு வளையம், கொஞ்சம் இடைவெளி, மேலே இன்னொரு வளையம். ஒவ்வொரு பூவுக்கும் மேலுதடு குல்லாய் போலக் கவிழ்ந்திருக்கும், கீழுதடு விரிந்திருக்கும். துளசி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

சரி, ஃப்ளோமிஸ் எங்கிருந்து வந்தது? போர்ச்சுகல், ஸ்பெயினில் தொடங்கி கிரீஸ், துருக்கி வழியாக மத்திய ஆசியா வரை பல இனங்கள் பரவியிருக்கின்றன. காஷ்மீர் மலைகளிலும் ஒன்று உண்டு. வீட்டுத் தோட்டத்துக்கு வருபவை பெரும்பாலும் மத்தியதரைக்கடல் பகுதியின் கல்மேடுகளில் வளர்பவை. ஆடும் மானும் தொடாத, கம்பளித் துணி போன்ற இலை. அந்த இலையைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும், ஏனென்றால் இந்தச் செடியை வளர்க்கும் முறை முழுவதும் அந்த இலையில்தான் இருக்கிறது.

இலை சொல்லும் கதை

ஒரு ஃப்ளோமிஸ் இலையைத் தடவிப் பாருங்கள். சாம்பல் கலந்த பச்சை, அடிப்பக்கம் ஏறக்குறைய வெள்ளை, தொட்டால் மெத்தென்று இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் சின்னச் சின்ன நட்சத்திரங்களாகக் கிளைவிட்ட முடிகள் இலை முழுக்கப் படர்ந்திருப்பது தெரியும். இந்த முடிப் போர்வை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. காற்று நேராக இலைமேல் உரசாமல் தடுக்கிறது. அதனால் இலைக்குள் இருக்கும் ஈரம் சட்டென்று பறந்து போவதில்லை.

அந்தக் காலத்தில் இந்த இலைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஸ்பெயினிலும் தெற்கு பிரான்சிலும் வளரும் 'ஃப்ளோமிஸ் லிக்னிடிஸ்' என்ற இனத்தின் பெயரிலேயே விளக்கு இருக்கிறது. கிரேக்கத்தில் லிக்னோஸ் என்றால் விளக்கு. முடி நிறைந்த இலையைத் திரியாகச் சுருட்டி எண்ணெயில் போட்டு எரித்திருக்கிறார்கள். இதைப் படித்தவுடன் எனக்குப் பேய்மிரட்டி ஞாபகம் வந்தது. பேய்மிரட்டியின் பச்சை இலையைச் சுருட்டி, நல்லெண்ணெய் விளக்கில் திரியாகப் போட்டு ஏற்றிக் காட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே துளசிக் குடும்பம்தான். ஒருவரை ஒருவர் பார்க்காத இரண்டு ஊர் மக்கள், ஒரே குடும்பத்து முடியிலையை ஒரே காரியத்துக்கு எடுத்திருக்கிறார்கள். எனக்கு இந்தச் செடிமேல் பிரியம் வந்ததே இதனால்தான்.

இன்னொரு விஷயம் உண்டு, புதிதாக வளர்ப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. மஞ்சள் பூப் பூக்கும் 'ஃப்ளோமிஸ் ஃப்ரூட்டிகோசா' வருடம் முழுவதும் ஒரே மாதிரி இலை வைத்திருப்பதில்லை. மழை பெய்யும் குளிர்காலத்தில் பெரிய, மெல்லிய, கொஞ்சம் பச்சையான இலைகள். வெயில் ஏற ஏற அந்தப் பெரிய இலைகள் வாடி உதிர்ந்து, சிறிய, தடித்த, முடி அடர்ந்த இலைகள் வரும். மழைக்கு ஓர் உடுப்பு, வெயிலுக்கு ஓர் உடுப்பு.

ஏனென்றால் அதன் சொந்த ஊரில் மழைக்காலம் குளிர்காலம்தான். ஏதென்ஸ் நகரத்தில் வருடம் முழுவதும் பெய்வதே சுமார் 400 மி.மீ. மழை, அதில் ஜூலை, ஆகஸ்டில் கிட்டத்தட்ட ஒன்றும் கிடையாது. அங்கே செடி இலையுதிர்காலத்து முதல் மழையில் விழிக்கிறது, குளிர்காலத்தில் மெதுவாக வேர் விடுகிறது, வசந்தம் முடியும் நேரத்தில் பூக்கிறது, கோடையில் ஓய்வெடுக்கிறது. கோடை அதற்குத் தூங்கும் காலம்.

இது தெரியாமல்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஆகஸ்டில் இலை உதிர்வதைப் பார்த்துச் செடி சாகிறது என்று பதறி, தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சூடான மண், நிறைய ஈரம்: வேரழுகல் பூஞ்சைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. வாடியதால் போகாத செடி, ஊற்றியதால் போய்விடும்.

மண்தான் எல்லாம்

ஃப்ளோமிஸைக் கொல்வது வறட்சி இல்லை, பெரும்பாலும் குளிரும் இல்லை. தேங்கும் தண்ணீர். அதுவும் குளிர்காலத்தில் தேங்கும் தண்ணீர்.

இதை நான் ஒரு செடியைப் பறிகொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டு மண் நல்ல களிமண். பானை செய்யலாம் என்கிற அளவுக்கு ஒட்டும். வாங்கிய இடத்தில் "எந்த மண்ணிலும் வரும்" என்று சொன்னார்கள். நானும் ஆழமாகக் குழி வெட்டி, அடியில் மக்கிய எரு நிறையப் போட்டு, ஆசையாக வைத்தேன். முதல் வருடம் தளதளவென்று வந்தது. இரண்டாவது குளிர்காலத்தில் இரண்டு வாரம் விடாமல் மழை. பிப்ரவரியில் பிடித்து ஆட்டியபோது செடி கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்துக் குழைந்திருந்தது. களிமண்ணுக்கு நடுவில் இளக்கமான ஒரு குழியை வெட்டினால் அது கிணறு மாதிரி. சுற்றியிருக்கும் தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து சேரும்.

அப்படியென்றால் கிரீஸிலும் குளிர்காலத்தில்தானே மழை என்று கேட்கலாம். அங்கே மழை கல்லும் சரளையுமான சரிவில் பெய்கிறது. பெய்து முடித்த சில மணி நேரத்தில் வேரைச் சுற்றிக் காற்று வந்துவிடும், மறுநாள் வெயிலும் வந்துவிடும். இங்கே நவம்பரில் நனைந்த களிமண் மார்ச் வரை காய்வதில்லை.

ஆகவே நடுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். செடி வைக்கப் போகும் இடத்தில் ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்துக்குக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். வடிந்த பிறகு மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தடவை ஊற்றியது சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் கவலையில்லை. மறுநாள் காலையிலும் குட்டை போல நின்றால் அந்த மண்ணில் கீழே நடக்கூடாது, மேலே நட வேண்டும். அதாவது, ஓர் அடி அல்லது ஒன்றரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டுங்கள். தோட்டத்து மண்ணோடு சரளையும் பருமணலும் தாராளமாகக் கலந்து, அந்த மேட்டின் மேல் செடியை வையுங்கள். மேலே இரண்டு அங்குலத்துக்குச் சரளையைப் பரப்பி மூடாக்கு போடுங்கள். வைக்கோல், மரத்தூள் மூடாக்கு இந்தச் செடிக்கு ஆகாது. தண்டின் கழுத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்து அழுக வைக்கும்.

எரு வேண்டாம். இதைச் சொன்னால் நம்ம ஆட்களுக்கு மனசு கேட்காது, எனக்கும் கேட்கவில்லை. ஆனால் கொழுத்த மண்ணில் வளர்ந்த ஃப்ளோமிஸ் நீட்டி நீட்டி வளர்ந்து, தன் பாரத்தில் நடுவில் பிளந்து விழும். முடியும் அடர்த்தியாக வராது. மெலிந்த மண்ணில்தான் கட்டுக்கோப்பாக, வெள்ளி நிறமாக நிற்கும். சுண்ணாம்பு கலந்த மண்ணாக இருந்தால் இன்னும் நல்லது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சந்தேகம் இருந்தால் ஆங்கிலேயத் தோட்டக் கலைஞர் பெத் சாட்டோவின் சரளைத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் எல்ம்ஸ்டெட் மார்க்கெட் என்ற ஊரில் இருக்கிறது. கார் நிறுத்தும் இடமாக இருந்த கட்டாந்தரையை 1991-இல் கிளறி, வறட்சி தாங்கும் செடிகளை நட்டார். வேர் பிடித்த பிறகு தண்ணீர் ஊற்றுவதில்லை என்பது அவர் வைத்த விதி. நாட்டிலேயே மழை குறைந்த மூலைகளில் ஒன்று அது. 2018-இல் அவர் காலமாகிவிட்டார். தோட்டம் இன்னும் அதே விதியோடு நடக்கிறது. நான் போன நாளன்று செடிகளைவிட மண்ணைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதை வாங்குவது?

முதல் செடிக்கு என் தேர்வு இரண்டுதான்.

வெயிலும் வடிகாலும் உள்ள இடமென்றால் ஃப்ரூட்டிகோசா. ஆங்கிலத்தில் 'ஜெருசலேம் சேஜ்' என்று விற்பார்கள். சமையலுக்குப் போடும் சேஜ் இது இல்லை, இலை மட்டும் அந்தச் சாயல். சொந்த ஊரும் ஜெருசலேம் இல்லை. கிரீஸ், சைப்ரஸ், துருக்கி, இத்தாலிப் பக்கம். மூன்றிலிருந்து ஐந்து அடி உயரம், அதே அளவு அகலம் வளரும் புதர். வேரைச் சுற்றி ஈரம் தேங்காமல் இருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி செல்சியஸ் வரைக்கும் தாங்கும்.

களிமண்ணும் அரை நிழலும்தான் இருக்கிறது என்றால் 'ஃப்ளோமிஸ் ரஸ்ஸெலியானா'. இது புதர் இல்லை. இதய வடிவில் உள்ளங்கையைவிடப் பெரிய இலைகளைத் தரையோடு பரப்பி, களை முளைக்க இடமே கொடுக்காது. அதிலிருந்து மூன்றடிக் கம்புகள் எழும்பி, அடுக்கடுக்காக வெண்மஞ்சள் பூ வளையங்கள் வரும். துருக்கியைச் சேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் சிரியாவின் அலெப்போவில் மருத்துவராக இருந்த அலெக்சாண்டர் ரஸ்ஸல் நினைவாக வந்த பெயர் என்று சொல்வார்கள். அவருக்கு வேறொரு தாய்க்குப் பிறந்த தம்பி, பேட்ரிக் ரஸ்ஸல். அவரும் அலெப்போவில் மருத்துவம் பார்த்துவிட்டு, பின்னர் இந்தியாவுக்கு வந்து, 'கர்நாட்டிக்' என்று அப்போது அழைக்கப்பட்ட தென்கிழக்குக் கடற்கரைப் பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராகப் பாம்புகளை ஆராய்ந்தார். நம் கண்ணாடி விரியனை ஆங்கிலத்தில் 'ரஸ்ஸல்ஸ் வைப்பர்' என்பது அவர் பெயரால்தான். அண்ணன் பெயரில் ஒரு பூ, தம்பி பெயரில் ஒரு பாம்பு!

ரோஜா நிறம் பிடித்தால் 'ஃப்ளோமிஸ் இட்டாலிக்கா' இருக்கிறது. பெயர் இத்தாலி, ஊர் ஸ்பெயினின் பலேயரிக் தீவுகள். இடம் குறைவென்றால் க்ரீட் தீவின் 'லனாட்டா', சின்னக் குத்துச்செடி. 'ட்யூபரோசா' என்று கிழங்கு வேரோடு ஊதாப் பூ பூப்பதும் விற்பார்கள். இப்போது அதைத் தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டாலும், கடை அட்டைகளில் ஃப்ளோமிஸ் என்றே இருக்கும்.

எதை வாங்கினாலும் சின்னத் தொட்டியில் இருப்பதை வாங்குங்கள். பெரிய தொட்டியில் பூத்துக் குலுங்குவது கண்ணுக்கு நன்றாக இருக்கும், ஆனால் அதன் வேர் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கும். சின்னச் செடி இரண்டே வருடத்தில் அதைத் தாண்டிவிடும்.

நட்ட பிறகு

குளிர்காலம் கடுமையாக இல்லாத ஊரில் இலையுதிர்காலத்தில் நடலாம், மழை தானாக வேர் பிடிக்க வைக்கும். குளிரும் சேறுமான ஊரென்றால் ஏப்ரல், மே வரை காத்திருங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். ரஸ்ஸெலியானா மட்டும் கொஞ்சம் நிழலைப் பொறுத்துக்கொள்ளும்.

முதல் கோடை மட்டும் தண்ணீர் தேவை. தினமும் தெளிக்காமல், ஒரு வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒரு முறை ஒரு வாளி தண்ணீரை நிதானமாக ஊற்றுங்கள். ஈரம் ஆழத்துக்குப் போனால் வேரும் அதைத் தேடி ஆழத்துக்குப் போகும். இரண்டாவது கோடையில் நிறுத்திவிடலாம். தொட்டியில் வளர்ப்பவர்கள் மட்டும் மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்ற வேண்டும்.

பூ முடிந்ததும் ஃப்ரூட்டிகோசாவுக்குக் கவாத்து செய்ய வேண்டும். பூத்த கிளையை, அதற்குக் கீழே நல்ல இலை ஜோடி இருக்கும் இடம் வரை வெட்டினால் போதும். வருடா வருடம் இப்படிச் செய்தால் புதர் உருண்டையாக, அடர்த்தியாக இருக்கும். பல வருடம் விட்டு, கீழே மொட்டைக் கட்டையாகிப் போன செடி என்றால் வசந்தத்தில், சிறு முளைகள் தெரிகிற இடத்துக்கு மேலே, ஒரு வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கிளைகளாகக் குறையுங்கள். ஒரேயடியாக அடிக்கட்டை வரைக்கும் வெட்டிவிடாதீர்கள்.

வெட்டும்போது முகக்கவசம் போடுங்கள், முழுக்கைச் சட்டையும். நான் அலங்காரத்துக்குச் சொன்ன அந்த நட்சத்திர முடிகள் வெயில் நாளில் தூளாகப் பறந்து தொண்டையையும் கண்ணையும் உறுத்தும். ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. லேசான தூறல் விழுந்து இலை ஈரமாக இருக்கும் நாளில் வெட்டினால் தூசி குறையும்.

ரஸ்ஸெலியானாவுக்கு இது மாதிரி வேலை கிடையாது. பூ உதிர்ந்த பிறகு பழுப்பு உருண்டைகள் கோத்த கம்புகள் குளிர்காலம் முழுவதும் விறைப்பாக நிற்கும். உறைபனி படிந்த காலையில் அவற்றைப் பார்க்க வேண்டும்; பூத்த நாளைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். பிப்ரவரி கடைசியில் அடியோடு வெட்டிவிடலாம்.

பூச்சித் தொல்லை குறைவு. இலையில் வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தால் தத்துப்பூச்சி சாறு உறிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். செடிக்கு ஒன்றும் ஆகாது, மருந்து அடிக்க வேண்டாம். பூவுக்கு வரும் தேனீக்களை நினைத்தாவது அடிக்காதீர்கள். நான் சொன்ன அந்தக் குல்லாய் மேலுதடு ஒரு மூடி போலத் திறந்து மூடுவது. பம்பிள் தேனீ கீழுதட்டில் வந்து இறங்கி, தலையால் முட்டி மூடியைத் தூக்கி, தேன் குடிக்கும். அப்போது மேலே மறைந்திருக்கும் மகரந்தம் அதன் முதுகில் ஒட்டும். தேனீ வெளியே வந்ததும் மூடி மறுபடி கவிழ்ந்துகொள்ளும். ஜூன் மாதக் காலையில் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், இது கண்முன்னே நடக்கும்.

இனி, ஒரு செடியைப் பத்தாக்குவது. கோடை நடுவில், பூக்காத இளங்கிளையின் நுனியில் மூன்று நான்கு அங்குலம் வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, பாதி மணலும் பாதி மக்கிய கலவையுமாக உள்ள தொட்டியின் ஓரமாகச் செருகுங்கள். மற்ற செடிகளுக்குப் போல பிளாஸ்டிக் பை போட்டு மூடாதீர்கள். முடியில் ஈரம் தங்கினால் இலை அழுகி, அதோடு குச்சியும் போகும். நிழலில், காற்று வரும் இடத்தில் வைத்தால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். ரஸ்ஸெலியானாவுக்கு இன்னும் சுலபம்: வசந்தத்தில் மண்வெட்டியால் கொத்தின் ஒரு பக்கத்தைப் பிளந்து எடுத்து வேறிடத்தில் வைத்தால் சரி. விதையிலும் வரும், ஆனால் பக்கத்தில் வேறு ஃப்ளோமிஸ் இருந்தால் கலந்துவிடும். தாயைப் போலவே பிள்ளை வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

சென்னையிலும் மதுரையிலும் இருப்பவர்கள் இதை வளர்க்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1400 மி.மீ. மழை, அதில் பெரும்பகுதி இரண்டு மூன்று மாதத்தில் கொட்டுகிறது. இரவிலும் இறங்காத சூடு, காற்றில் புழுக்கம். அந்தக் கம்பளி இலை அங்கே அழுகும்.

அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். "எனக்கு எதுக்கு இது? வாசல்ல தானா முளைக்கிற தும்பையை முனிசிபாலிட்டிக்காரங்க செத்திப் போடாம பாத்துக்கிட்டா போதாதா?" என்றார். ஊருக்குத் திரும்பியதும் மொட்டை மாடியில் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டியை எடுத்து, எருவே போடாத செம்மண்ணை நிரப்பி, காய்ந்த தும்பைக் கொத்து ஒன்றை உதிர்த்துவிட்டிருக்கிறார். மழை விட்டதும் முளைத்திருக்கிறது என்று போட்டோ அனுப்பினார். தண்ணீர் அதிகம் ஊற்றாதீர்கள் என்று பதில் போட்டேன்.